நேரான பற்களும் நிறையும் மனமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

பற்கள் உணவை அரைக்கும் கருவிகள் என்று உடற்கூற்று நூல்கள் கூறுகின்றன. நம் புலவர்களோ அவற்றை முல்லை அரும்புகளாகவும் முத்துக் கோவையாகவுமே கண்டனர். ஊர்ப் பேச்சு இவ்வளவு இனிமையானதன்று. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் எத்துப்பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் தெற்றுப்பல் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பல்லுக்கு உரியவர் தலையிலேயே பட்டமாகக் கட்டிவிடும். தெற்றுப்பல்லுக்கு மட்டும் சற்று யோகம் உண்டு. அதுவும் ஓர் அழகுதான் என்பாரும் உளர். ஜப்பானியர் அதனை 'யாயெபா' என்பர். 2011ஆம் ஆண்டு வாக்கில் டோக்கியோ நகர இளம்பெண்கள் சிலர், நேராக இருந்த தம் பல்லின்மேல் செயற்கைத் தெற்றுப்பல்லை ஒட்டிக்கொண்டார்கள் என்றால் நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் உண்மை.

கேலியைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதிப் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1980இல் வெளிவந்தது. உயரம், பருமன், தலைமுடி இவற்றைச் சொல்லிக் கேலி செய்வதே அங்கு மிகுதி. பல்லைச் சொல்லிக் கேலி செய்வது அவற்றுக்கு அடுத்தபடிதான். ஆயினும் மனத்தை மிகுதியாகப் புண்படுத்தியது பல்லைப் பற்றிய கேலியே என்று அவ்வாய்வு கண்டது. 'கம்பி போடுதல்' என்று நாம் சொல்லும் பற்சீரமைப்புச் சிகிச்சைக்கு இத்தனை குடும்பங்கள் கடன் வாங்கியேனும் ஏன் செல்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும். ஆர்த்தோடான்டிக்ஸ் என்பது இத்துறையின் பெயர்.

ஒன்றரை இரண்டு ஆண்டுகள் கழிந்து கம்பியைக் கழற்றும் நாளில் நோயாளிக்குத் திருப்தி கிடைக்கிறதா? பல் நேரானால் மனம் நிறையத்தானே செய்யும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டும், அளவுகோல் வைத்து அளந்தும் பார்த்திருக்கிறார்கள். விடை அத்தனை எளிதாக வரவில்லை. அதனை ஆராயுமுன் பல் எவ்வாறு நகர்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. விலங்கியல் மாணவனாகிய எனக்கு இப்பகுதியின்மேல் தனி ஆசை உண்டு, நண்பர்கள் பொறுத்தருள்க.

சுவரில் அடித்த ஆணிபோலப் பல் எலும்பில் இறுகி நிற்பதாக நினைக்கிறோம். அப்படியன்று. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ கால் மில்லி மீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நுண்ணிய நார்கள் நிறைந்திருக்க, அவற்றில் பல் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. ஒரு பக்கமாகப் பல்லைத் தொடர்ந்து அழுத்தினால், அழுத்தம் படும் பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் தோன்றி எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபட, ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் அங்கே புது எலும்பைக் கட்டுகின்றன. இப்படி எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர, பல் மெல்ல இடம் பெயர்கிறது. சுவீடன் நாட்டுக் கார்ல் சான்ட்ஸ்டெட் 1904, 1905 ஆண்டுகளிலேயே நாயின் பற்களை நகர்த்தி, அந்த எலும்பைச் சீவி நுண்ணோக்கியில் வைத்து இதனைக் காட்டினார்.

ஒரு பல்லைச் சாய்ப்பதற்கு 35 முதல் 60 கிராம் எடையளவு விசையே போதும். அதாவது ஒரு கோழிமுட்டையின் பாரம். "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சீக்கிரம் முடியாதா டாக்டர்?" என்று கேட்போர் உண்டு. விசை மிகுந்தால் அந்தக் கால் மில்லி மீட்டருக்குள் உள்ள இரத்தக் குழாய்கள் நசுங்கிவிடும். அவ்விடத்துத் திசு இறந்துபோகும். இறந்த திசுவைச் சுற்றியுள்ள செல்கள் அரித்து அகற்றும்வரை பல் அசையாமல் நின்றுவிடும். அவசரப்பட்டால் தாமதமே மிச்சம். நன்றாக நகரும்போதும் மாதத்திற்கு ஒரு மில்லி மீட்டர் அளவே நகரும்.

இரசாயனத் துறை நண்பர்களுக்காக ஒன்று சொல்லிச் செல்கிறேன். முன்பெல்லாம் எஃகுக் கம்பியே பயன்பட்டது. அது விறைப்பானது, முதலில் பலமாக அழுத்திப் பின் விரைவில் தளரும். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக் கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் உருவாக்கிய நிக்கல்-டைட்டானியக் கலப்பு உலோகம் நிட்டினால். வளைத்தாலும் தன் பழைய வடிவத்திற்கே திரும்பும் இயல்புடையது. அதனை 1970களில் அயோவா பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஆண்ட்ரியசன் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். போர்க்கருவிக்காகப் பிறந்த உலோகம் பிள்ளைகளின் வாயில் மென்மையாகவும் இடைவிடாமலும் பற்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

மென்மை என்றாலும் வலி உண்டு. கம்பி மாட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். மறுநாள் உச்சத்திற்கு ஏறும். ஒரு வாரத்திற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த மறுநாள்தான் பலர் "ஏன் இதைப் போட்டோம்" என்று வருந்தும் நாள். இதைப் பற்றி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 150 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு முதற்கம்பி மாட்டிய பின் தொலைபேசியில் அழைத்து, வலி எப்படி இருக்கும், என்ன செய்யலாம் என்று விளக்கினர். இரண்டாம் பிரிவினரை அழைத்து, வந்து சென்றமைக்கு நன்றி மட்டும் கூறினர். மூன்றாம் பிரிவினரை அழைக்கவே இல்லை. அழைப்புப் பெற்ற இரு பிரிவினரும் தங்களுக்கு வலியும் கவலையும் குறைவு என்றனர். அழைத்து என்ன சொன்னார்கள் என்பதால் வேறுபாடு ஏற்படவில்லை. அழைத்ததே போதுமானதாக இருந்தது. மாத்திரைக்குச் செலவு உண்டு, இதற்கு என்ன செலவு?

இனித் திருப்தியை அளப்பதற்கு வருவோம். யாருடைய திருப்தியை அளப்பது என்பதே முதற் சிக்கல். இத்துறையின் தந்தை எனப்படும் அமெரிக்கர் எட்வர்டு ஆங்கிள், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தவறாகப் பொருந்தும் முறைகளை 1899இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். குறையற்ற பல்வரிசைக்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டியது ஒரு மண்டையோடு. 'ஓல்டு குளோரி' என்று அதற்குச் செல்லப்பெயரும் இருந்தது. அதன் பற்கள் அத்தனையும் இருந்தன. ஒன்றோடொன்று பழுதின்றிப் பொருந்தின. அதைப்போல் எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டே வரிசைப்படுத்த வேண்டும், ஒரு பல்லையும் பிடுங்கக் கூடாது என்பது ஆங்கிளின் கொள்கை. மண்டையோட்டிடம் திருப்தியா என்று கேட்க முடியாது என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரோ என்னவோ.

ஆங்கிள் 1930இல் மறைந்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், அரிசோனாவில் தொழில் செய்தவர். ஆசிரியர் சொன்னபடியே பல ஆண்டுகள் சிகிச்சை செய்த பின், முடிந்துபோன நோயாளிகளை மீண்டும் பார்த்தார். பலருக்குப் பற்கள் பழையபடி கோணிக்கொண்டிருந்தன. இடமில்லாத தாடையில் எல்லாப் பற்களையும் அடக்கியதால் வாய் முன்தள்ளித் தெரிந்தது. அவர்களுக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மறுபடியும் சிகிச்சை செய்தார். இவ்வாறு இருமுறை சிகிச்சை பெற்ற நூறு பேரின் சான்றுகளை 1940இல் தம் தொழிலினர் முன் வைத்தார். ஆசிரியரை எதிர்த்த மாணவர் என்று பழி வந்தது. ஆனால் தாம் செய்த வேலை பல ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்த்த அந்தக் குணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிற்காலத்தில் அளவுகோல்கள் செம்மைப்பட்டன. பிரிட்டனில் 1992இல் வெளியான பார் குறியீடு அவற்றில் புகழ்பெற்றது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிளாஸ்டர் அச்சுகளை அளந்து, கோணல்களுக்கு மதிப்பெண் இடுவர். மதிப்பெண் 30 சதவீதமாவது குறைந்தால் முன்னேற்றம். 22 புள்ளிகள் குறைந்தால் பெரும் முன்னேற்றம். நல்ல அளவுகோல்தான். ஆனால் அச்சில் கிடைத்த மதிப்பெண்ணையும் நோயாளி சொன்ன திருப்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், இரண்டுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் பலவீனமாகவே இருந்தது. மருத்துவர் நூற்றுக்குத் தொண்ணூறு போட்ட வாய்க்கு உரியவர் முகம் சுளிக்கிறார். மருத்துவர் குறை காணும் வாய்க்கு உரியவர் மனநிறைவோடு செல்கிறார். ஜோர்டானில் 50 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், எதற்கும் எளிதில் கவலைப்படும் மனப்போக்கு உள்ளவர்களே சிகிச்சைக்குப் பின் தம் பற்களில் குறைவான திருப்தி அடைந்தனர் என்று கண்டுள்ளனர். கம்பி பல்லை நேராக்கும். மனப்போக்கில் அதற்கு வேலை இல்லை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் நடந்த ஆராய்ச்சி. 1981இல் அந்நகரத்துப் பள்ளிகளில் படித்த 11, 12 வயதுச் சிறுவர் சிறுமியர் 1,018 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பற்களின் நிலையைக் குறித்துக்கொண்டதோடு, தன்னைப் பற்றி ஒவ்வொருவரும் எவ்வளவு உயர்வாகவோ தாழ்வாகவோ நினைக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர்களுக்குச் சிகிச்சை கொடு என்றோ கொடாதே என்றோ யாரும் கட்டளையிடவில்லை. சிலர் கம்பி போட்டுக்கொண்டார்கள். தேவை இருந்தும் சிலர் போடவில்லை. சிலருக்குத் தேவையே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2001இல், முப்பத்தொரு வயதை ஒட்டியிருந்த அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 337 பேர் கிடைத்தனர். முடிவுகள் 2007இல் வெளிவந்தன.

தேவையிருந்து சிகிச்சை பெற்றவர்களின் பற்கள் மற்றவர்களைவிட நேராக இருந்தன. தம் பற்களைப் பற்றி அவர்கள் கூடுதல் திருப்தியுடன் இருந்தனர். இதுவரை நாம் எதிர்பார்த்ததே. ஆனால் தன்மதிப்பு, மனநலம், வாழ்க்கை நிறைவு ஆகியவற்றைச் சோதித்தபோது, சிறுவயதிலேயே இருந்த தன்மதிப்பைக் கணக்கில் கொண்டால், சிகிச்சையால் விளைந்த வேறுபாடு மிகச் சிறிதே. தேவை இருந்தும் சிகிச்சை பெறாதவர்கள் அதனால் மட்டும் மனம் உடைந்த பெரியவர்களாக வளர்ந்துவிடவில்லை.

தொடங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே இறுதிவரை கிடைத்தனர் என்பது இதன் குறை, அதை மறைப்பதற்கில்லை. கேலிக்கு ஆளாகும் பன்னிரண்டு வயதில் அந்த நாட்களே பெரிது, முப்பத்தொன்றில் நலமாக இருப்பாய் என்பது அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் ஆகுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. தவிரவும் சிகிச்சையின் பயன் மனத்தோடு மட்டும் முடிவதில்லை. மிகவும் நீட்டிய முன்பற்கள் கீழே விழும்போது எளிதில் உடைகின்றன. தவறான இடத்தில் முளைக்கும் பல் பக்கத்துப் பல்லின் வேரைக் கெடுப்பதும் உண்டு. இத்தகையோருக்கு உடல் நலனுக்காகவே சிகிச்சை தேவை.

நம் ஊரில் அந்த முடிவு எனக்குப் பெரிதாகத் தோன்றக் காரணம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் கம்பி போட்டுக் கழற்றிய நான்கு பேரிடம் இக்கட்டுரைக்காகப் பேசினேன். நால்வரை வைத்து முடிவு கட்டினால் புள்ளியியல் பேராசிரியர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார். ஆகவே கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலாமவர் ஒரு தோழி. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைச் சொல்லிவிட்டுப் போனதும், அவர் தந்தையார் நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். கம்பி வேண்டுமா என்று தோழியை யாரும் கேட்கவில்லை. பற்கள் இன்று சோளக்கதிர்போல் ஒழுங்காக இருக்கின்றன. "பல்லுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தபோது கையால் வாயை மூடிக்கொண்டார். இரண்டாமவர் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் தாமாகச் சென்றவர். கீழ்ப்பல் ஒன்று இன்னும் சற்றுத் திரும்பியே நிற்கிறது. அது முழுதும் நேராகாது என்று மருத்துவர் முதல் நாளே அச்சை வைத்துக் காட்டிச் சொல்லியிருந்தாராம். நால்வரில் மிகுந்த திருப்தி உடையவர் அவரே. மூன்றாமவருக்குப் பல்வரிசை அழகாகவே அமைந்தது. ஆனால் நல்ல பற்கள் நான்கைப் பிடுங்க வேண்டும் என்பதை, நாற்காலியில் சாய்ந்து குறட்டைப் பார்த்த பிறகே அறிந்தார். பிடுங்கியது சிகிச்சைக்குத் தேவையானதுதான், ட்வீட் காலத்திலிருந்து செய்து வருவதுதான் என்று நான் விளக்கியும் அவர் கோபம் தணியவில்லை. சொல்லாமல் செய்ததே அவர் குறை. நான்காமவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் போன்ற வீடுகளில் இத்தொகை ஒரு பிள்ளையின் படிப்புச் செலவோடு போட்டியிடும் தொகை. சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித்துறை இருக்கிறது. தனியார் மருத்துவமனையைவிடச் செலவு மிகக் குறைவு. ஆனால் மாதம் ஒருமுறை என்று ஏறத்தாழ இரண்டாண்டு போய்வர வேண்டும். தொலைவில் உள்ளவர்கள் பஸ் கட்டணத்தையும், உடன் வருபவர் இழக்கும் ஒருநாள் கூலியையும் இருபத்துநான்கால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

கம்பி கழன்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதே பலருடைய பிற்கால ஏமாற்றத்திற்கு வித்து. எலும்பு புதிய இடத்தில் கெட்டிப்படச் சில மாதங்கள் ஆகும். ஈற்றில் உள்ள மீள்தன்மையுடைய நார்களோ ஓராண்டுக்கு மேலாகியும் பழைய நிலைக்கே பல்லை இழுத்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் முதலியோர், நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரை, பற்காப்புச் சாதனத்தை நிறுத்திப் பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்து 1981இல் எழுதினர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் மீண்டும் கோணியிருந்தன. இருபதாண்டுகள் கழித்துப் பார்த்த 1988ஆம் ஆண்டு ஆய்வில், ஏற்கத்தக்க நிலையில் இருந்தோர் பத்தில் ஒருவரே. இதற்குக் கடைசிக் கடைவாய்ப்பல் வந்து முட்டித் தள்ளுவதே காரணம் என்று ஊரில் சொல்வதற்கு ஆராய்ச்சியில் ஆதாரம் கிடைக்கவில்லை. கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன.

ஆகவேதான் ரீடெய்னர் கொடுக்கிறார்கள். அண்ணத்தில் ஒட்டியிருக்கும் தட்டும் முன்பற்களைச் சுற்றிய கம்பியும் உடையது ஹாலி ரீடெய்னர். கண்ணாடிபோல் தெளிவான உறை இன்னொரு வகை. பல்லின் பின்புறத்தில் நிலையாக ஒட்டிவிடும் மெல்லிய கம்பி மற்றொரு வகை. முதலில் இரவும் பகலும், பிறகு இரவு மட்டும் என்று அணியச் சொல்வது வழக்கம். எவ்வளவு காலம் என்று இங்குதான் வழக்கமான சங்கடம். "கொஞ்ச நாளைக்கு" என்று கேட்டுக்கொண்டு வந்தவர் ஐந்தாம் ஆண்டில் பல் திரும்பும்போது மருத்துவரைக் குறை சொல்வார். "பல்லாண்டுகள் இரவில் அணிய வேண்டும், உடைந்தால் புதிது செய்யச் செலவாகும்" என்று முதல் நாளே கேட்டவர் அதற்குத் தயாராக இருப்பார்.

நான்காம் தோழர் விடுதியில் தங்கிப் படிப்பவர். உணவுக் கூடத்தில் ரீடெய்னரைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலை ஓரத்தில் வைத்தார். இலையோடு அதுவும் போயிற்று. வீட்டில் மறுபடி பணம் கேட்க மனமில்லாமல் எட்டு மாதம் விட்டுவிட்டார். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் திரும்பின. சென்ற பருவ விடுமுறையில்தான் போய்ப் பார்த்தார். மேல்வரிசை கலையாமல் இருந்ததால் அதற்குப் புதுத் தட்டு ஒன்று செய்துகொடுத்து, கீழ்ப்பற்களை இருக்கும் நிலையிலேயே பின்புறம் கம்பி ஒட்டி நிறுத்திவிட்டார்கள். மறுபடி நேராக்க வேண்டுமா என்று மருத்துவர் கேட்டாராம். இது போதும் என்று சொல்லிவிட்டு, தட்டை வைக்க மூடியுள்ள சிறு பெட்டி ஒன்றும் வாங்கிவந்திருக்கிறார்.